தாதியின் அடிகளை எண்ணிய வரலாறு

நோயாளியின் மணிக்கட்டை விரல்களாற் பற்றிக்கொண்டு, கடிகார முள்ளை நோக்கியபடி நாடித் துடிப்பை எண்ணும் தாதியின் தோற்றம் வைத்தியசாலைக்குச் சென்ற எவருக்கும் பழக்கமானது. அவர் சீருடையின் மார்புப் பகுதியில் ஊசியாற் குத்தித் தொங்கவிட்டிருக்கும் அச்சிறு கடிகாரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் லிச்பீல்டு நகரில் வாழ்ந்த வைத்தியரான சேர் ஜோன் புளோயர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதன் துணைகொண்டு நாடியை எண்ணும் முறையை 1707ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னர் நாடியின் விரைவை வைத்தியர்கள் தம் அநுபவத்தால் மதிப்பிட்டனரேயன்றி, எண்ணால் அளந்தவர் மிகச் சிலரே. புளோயரின் முயற்சிக்குப் பின்னரும், கடிகாரம் நோயாளியின் படுக்கையருகே வழக்கமாக வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் இக்காட்சி ஒரு வகையில் தலைகீழாகியுள்ளது. பிறர் நாடியை எண்ணும் தாதியின் நாடியையும், அவர் நடந்த அடிகளையும், உறங்கிய நேரத்தையும் எண்ணி வைக்கும் சிறு கருவிகள் தோன்றிவிட்டன. அவற்றை உடலில் அணிந்து கடமை புரியும் தாதியர் பல நாடுகளில் உளர். தாதியரின் உடல்நலத்தைப் பேணுதற்கு இக்கருவிகள் உதவும் என்பது அவற்றை வழங்குவோரின் நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவுக்கு மெய்யானது? அடிகளை எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது? எண்ணியவர் யார், எண்ணப்பட்டவர் யார், எண்ணிக்கையாற் பயன் பெற்றவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

நடையை அளக்கும் எண்ணம் முதலில் உடல்நலத்தைக் கருதி எழுந்ததன்று. வழியின் நீளத்தை அறியும் விருப்பத்தாலேயே எழுந்தது. கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக்கலைஞர் விற்றுரூவியசு, வண்டிச் சக்கரம் ஒரு மைல் உருண்டதும் ஒரு கூழாங்கல்லைப் பெட்டியினுள் விழச்செய்யும் பொறியொன்றைத் தம் நூலில் விவரித்துள்ளார். சுவிற்சர்லாந்தின் கடிகார வினைஞர் ஏபிரகாம் லூயி பெரலே, அணிபவரின் அசைவாலேயே முறுக்கேறும் கடிகாரத்தை 1770களில் ஆக்கினார். அதே தத்துவத்தைக்கொண்டு 1780ஆம் ஆண்டில் அடிகளை எண்ணும் கருவியையும் செய்தார். பின்னாளில் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியான தோமஸ் ஜெபர்சன், பாரிசு நகரில் தூதராயிருந்த காலத்தில், இத்தகைய கருவியால் தம் நடையை அளந்து மகிழ்ந்தார். பெடோமீற்றர் எனப்பட்ட இக்கருவி செல்வர் சட்டைப்பையில் இருந்த ஒரு விநோதப் பொருள். அவர் விரும்பி நடந்தார், விரும்பி எண்ணினார், எண்ணிக்கையும் அவருக்கே உரியதாயிருந்தது. இம்மூன்றும் ஒருவரிடமே பொருந்தியிருந்த நிலை பின்னர் மாறிற்று என்பதே இவ்வரலாற்றிற் கவனித்தற்குரியது.

தாதியின் நடையைப் பற்றி முதலில் ஆழ்ந்து சிந்தித்தவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் எனலாம். கிரிமியப் போர்க்களத்துக்குச் செல்வதற்கு முன்னர், 1853ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் ஹாலி வீதியில் நோயுற்ற பெண்களைப் பராமரிக்கும் சிறு நிலையம் ஒன்றின் பொறுப்பை அவர் ஏற்றார். பொறுப்பேற்கும்போதே அவர் கேட்ட வசதிகள் கருதத்தக்கவை. ஒவ்வொரு மாடிக்கும் குழாய் மூலம் சுடுநீர் வரவேண்டும். உணவைக் கீழிருந்து மேலேற்றக் கப்பி பூட்டிய தூக்கி வேண்டும். எந்த நோயாளி மணியடித்தார் என்பதை அடையாளங் காட்டும் அமைப்பு வேண்டும். இவை இல்லாவிடின் தாதி என்பவள் வெறும் இரண்டு கால்களாக மாறிவிடுவாள் என்று அவர் எழுதினார். படியேறி இறங்குவதிலேயே தாதியின் பொழுது கழியுமானால் நோயாளியைப் பார்ப்பவர் யார் என்பதே அவர் உள்ளத்திலிருந்த கேள்வி.

நைற்றிங்கேல் அம்மையார் எண்களின் வலிமையை நன்கறிந்தவர். கிரிமியப் போரில் மாண்ட படைவீரரிற் பெரும்பாலார் காயங்களால் மாண்டவரல்லர், தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டவர் என்பதை அவர் புள்ளிவிபரங்களாலும் வரைபடங்களாலும் நிறுவினார். 1858ஆம் ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றது. அவர் எண்ணியபோது குற்றம் சாட்டப்பட்டவை கழிவுநீர் வாய்க்கால்கள், காற்றோட்டமில்லாத விடுதிகள், ஒழுங்கற்ற நிருவாகம் ஆகியவையே. நோயுற்ற வீரனை நோக்கி, நீ ஏன் உன் உடலைப் பேணவில்லை என்று அவ்வெண்கள் கேட்கவில்லை. எண்ணின் விரல் எவரை நோக்கி நீள்கிறது என்பது, எண்ணுகின்றவரின் நோக்கத்தைப் பொறுத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணும் கலை தொழிற்சாலைக்குட் புகுந்தது. அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடரிக் டெயிலர், நிறுத்தற் கடிகாரத்தைக்கொண்டு தொழிலாளரின் வேலைகளைப் பகுத்தளந்து, தம் கொள்கையை 1911ஆம் ஆண்டில் நூலாக்கினார். பிராங் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் தம்பதியர் மனித அசைவுகளைத் திரைப்படமாக எடுத்து ஆராய்ந்தனர். செங்கல் அடுக்குபவனின் 18 அசைவுகளை ஐந்துக்கும் குறைவாக ஆக்கிய அவர்கள், பின்னர் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடத்தையும் நோக்கினர். சத்திரவைத்தியர் தாமே ஆயுதங்களைத் தேடிக்கொண்டு நிற்பதால் நேரம் வீணாவதைக் கண்டனர். கேட்ட ஆயுதத்தைத் தாதி அவர் உள்ளங்கையில் வைக்கும் வழக்கம் பரவுதற்கு அவர்தம் ஆராய்ச்சி துணைபுரிந்தது. வீண் அசைவைக் குறைப்பது நற்செயலே. ஆயினும், இங்கு எண்ணியவர் மேற்பார்வையாளர்; எண்ணப்பட்டவர் தொழிலாளி. மிச்சம் பிடித்த நேரம் தொழிலாளியின் ஓய்வுக்குச் சென்றதா, மேலும் வேலைக்குச் சென்றதா என்ற வழக்கு அன்று தொடங்கி இன்றுவரை தீரவில்லை.

அடிகளை எண்ணுவதற்கும் ஆயுளுக்கும் தொடர்புண்டு என்ற கருத்து வலுப்பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னராகும். இலண்டன் மாநகரின் இரட்டைத் தட்டு பஸ் வண்டிகளில் இருவர் வேலை செய்தனர். சாரதி நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்திருந்தார். நடத்துநரோ சீட்டு வழங்குதற்காகப் பல நூறு படிகளை நாள்தோறும் ஏறியிறங்கினார். ஜெரி மொறிஸ் என்னும் வைத்திய அறிஞரும் அவருடன் உழைத்தோரும் ஏறக்குறைய 31,000 போக்குவரத்துத் தொழிலாளரை ஆராய்ந்து, நடத்துநரிடையே இருதய நோய் குறைவாகவும் பிந்தியும் தோன்றுவதை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடிதம் சுமந்து திரியும் தபாற்காரருக்கும் மேசையருகே அமர்ந்திருந்த தபாலகத்தாருக்கும் இடையே இத்தகைய வேறுபாடே காணப்பட்டது. நடப்பவன் நலமாயிருப்பான் என்ற பழைய நம்பிக்கைக்குப் புதிய அறிவியல் ஆதாரம் கிடைத்தது.

அதனைத் தொடர்ந்து யப்பானில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டு ரோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்றன; உடற்பயிற்சியில் மக்களுக்கு ஆர்வம் பெருகியது. அடுத்த ஆண்டில் யமசா என்னும் கடிகாரக் கம்பனி, இடுப்பில் அணியும் அடி எண்ணும் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 'மன்போ-கெய்'. பத்தாயிரம் அடி மானி என்பது பொருள். இன்று உலகெங்கும் மக்கள் நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமெனக் கூறுவதன் மூலம் இப்பெயரேயாம். சொல்வதற்கு எளிதாகவும் நினைவில் நிற்பதாகவும் இருந்த ஓர் எண், வணிகப் பெயராகிப் பின்னர் வைத்திய ஆலோசனை போலவே வழங்கலாயிற்று.

இவ்விடத்தில் நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். நடத்தல் நலம் தருமாயின், ஓயாது நடக்கும் தாதியரே எல்லாரினும் நலமுடையவராய் இருத்தல் வேண்டுமன்றோ? வியப்புக்குரிய விடயம் யாதெனில், ஆராய்ச்சிகள் அவ்வாறு கூறவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் 36 வைத்தியசாலைகளில் 767 தாதியரை ஆராய்ந்த பெரிய ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அடி எண்ணும் கருவிகளும், கையில் அணியும் பட்டிகளும், இருக்குமிடத்தை அறிவிக்கும் மின்னணு அடையாளங்களும் அதிற் பயன்பட்டன. பத்து மணி நேரப் பகற் கடமையில் ஒரு தாதி ஒன்று முதல் ஐந்து மைல் வரை நடந்தார். ஆனால் நோயாளருக்கு நேரடிப் பணிவிடை செய்வதற்குக் கிடைத்த நேரம் கடமை நேரத்தில் நூற்றுக்கு 19 பங்கே. எழுத்து வேலை நூற்றுக்கு 35 பங்கைக் கவர்ந்துகொண்டது. நைற்றிங்கேல் அம்மையார் அஞ்சியது நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர் எண்களாக வெளிப்பட்டது எனலாம்.

கனடாவின் ஒட்டாவா நகரைச் சூழ்ந்த பகுதியில் 14 வைத்தியசாலைகளிலிருந்து 410 தாதியரைச் சேர்த்து நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கிழமையொன்றுக்கு 150 நிமிடமேனும், பத்து நிமிடத்துக்குக் குறையாத தொடர்ச்சியில், சற்று விரைவான உடலுழைப்பு வேண்டும் என்பது அந்நாட்டில் அப்போதிருந்த நலவிதி. அணிந்த கருவிகளின் கணக்குப்படி இவ்விதியை நிறைவேற்றியவர் நூற்றுக்கு 23 பேரே. தாதியின் நடை அறையிலிருந்து அறைக்குத் துண்டு துண்டாக நிகழ்வது. இரண்டு நிமிடம் விரைதல், ஐந்து நிமிடம் நின்ற நிலையிற் குனிதல், மீண்டும் விரைதல் என அது செல்லும். கால் ஓய்கின்றது, இருதயமோ வேண்டிய பயிற்சியைப் பெறுவதில்லை.

டென்மார்க் நாட்டு அறிஞர் அந்திரேயசு ஹொல்தர்மான் முதலானோர் இம்முரண்பாட்டை நன்கு விளக்கியுள்ளனர். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலுழைப்பு நலம் தருகின்றது. தொழிலிற் கட்டாயமாகச் செய்யும் உடலுழைப்பு அதே நலத்தைத் தருவதில்லை, சில வேளை கேடும் விளைக்கின்றது. பல மணி நேரம் தொடர்ந்து உழைக்கும்போது இருதயத் துடிப்பு நாள் முழுதும் உயர்ந்தே நிற்கின்றது. பாரந் தூக்குதலும் நெடுநேரம் ஒரே நிலையில் நிற்றலும் குருதியமுக்கத்தை ஏற்றுகின்றன. இளைப்பாறும் நேரத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் தொழிலாளியிடம் இல்லை. ஜெபர்சன் பாரிசு வீதியில் வைத்த அடியும் தாதி விடுதித் தாழ்வாரத்தில் வைக்கும் அடியும் கருவிக்கு ஒன்றே. உடலுக்கு அவை ஒன்றல்ல.

இராக்கடமையின் சுமை இதனினும் பெரிது. 1976ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 121,700 தாதியருடன் தொடங்கிய நீண்ட சுகாதார ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஆறு ஆண்டுகளும் அதற்கு மேலும் முறைமாற்றி இராக்கடமை புரிந்த தாதியரிடம் இருதய நோய் மிகுந்திருந்ததை அவ்வாய்வு 1995ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. சருவதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், உடலின் இரவு பகல் ஒழுங்கைக் குலைக்கும் கடமை முறை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என 2007ஆம் ஆண்டில் வகுத்தது. 2019ஆம் ஆண்டில் அதனை மீண்டும் உறுதிசெய்தது. பிறர் உறங்கும்போது விழித்திருந்து காக்கும் தொழிலுக்கு இதுவே விலையாகும்.

இத்தகைய சூழலிலேதான் புதிய அணிகருவிகள் தாதியரிடம் வந்து சேர்ந்தன. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'பிட்பிட்' என்னும் சிறு கருவி விற்பனைக்கு வந்தது. 2015ஆம் ஆண்டில் அப்பிள் கம்பனியின் கைக்கடிகாரம் வெளியாயிற்று. பழைய கருவியில் ஊசலாடிய குண்டின் இடத்தை, ஆர்முடுகலை உணரும் கடுகளவான நுண்பொறி எடுத்துக்கொண்டது. பச்சை ஒளியைத் தோலிற் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித் துடிப்பைக் கணிக்கும் வசதியும் சேர்ந்தது.

எனினும், தாதியின் கை இக்கருவிக்கு ஏற்ற இடமாக அமையவில்லை. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில், கிருமி பரவுவதைத் தடுக்கும் பொருட்டு, நோயாளியைத் தொட்டுப் பணிபுரிவோர் முழங்கைக்குக் கீழே எதனையும் அணியலாகாது என்ற விதி 2007ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. கைக்கடிகாரமும் அவ்விதிக்குள் அடங்கும். மார்பிலே கடிகாரத்தைத் தொங்கவிடும் பழைய வழக்கத்தின் பயனும் இதனால் விளங்கும். மேலும், தள்ளுவண்டியின் பிடியை இறுகப் பற்றிச் செல்லும் தாதியின் கை வீசுவதில்லை. ஆதலின் மணிக்கட்டுக் கருவி அவ்வடிகளிற் பலவற்றை எண்ணாமல் விட்டுவிடுகின்றது. நோயாளி வண்டியைத் தள்ளிச் செல்லும் கடினமான நடையே கணக்கிற் குறைவது ஒரு விந்தையன்றோ? இடுப்பிலோ சட்டைப்பையிலோ வைக்கும் கருவி இவ்வகையில் மேலானது.

கருவிகளாற் பயன் விளைந்ததா? விளைந்ததுண்டு. அடி எண்ணும் கருவிகளைப் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடொன்று, அவற்றை அணிந்தோர் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் அடிகளுக்கு மேல் கூடுதலாக நடந்ததை 2007ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது. தமக்கென ஓர் இலக்கை வகுத்துக்கொண்டோரிடமே இம்முன்னேற்றம் சிறப்பாகக் காணப்பட்டது. ஆயினும், சிங்கப்பூரில் 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 பணியாளரிடையே நடந்த சோதனையின் முடிவு 2016ஆம் ஆண்டில் வெளியானபோது, ஓராண்டின் இறுதியில் எடையிலோ குருதியமுக்கத்திலோ நன்மை எதுவும் காணப்படவில்லை. பணப் பரிசு கொடுக்கப்பட்டோரும் பரிசு நின்றபின் பழைய நிலைக்குத் திரும்பினர். கருவி நினைவூட்டுகின்றது, வாழ்க்கை முறையை மாற்றும் ஆற்றல் அதற்குத் தனியே இல்லை.

பத்தாயிரம் என்ற எண்ணின் மாயையும் பின்னர் தெளிந்தது. மருத்துவத் துறையிற் பணிபுரிந்த அமெரிக்கப் பெண்களுள், சராசரியாக 72 வயதினரான 16,741 பேர் இடுப்பிற் கருவி அணிந்து ஆராயப்பட்டனர். நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடம் இறப்பு வீதம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் அந்நன்மை மேலும் வளரவில்லை. இம்முடிவு 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீண்ட கடமை முடிந்து கால் வீங்கி வீடு திரும்பும் பெண்ணொருவர், கருவி பத்தாயிரம் காட்டவில்லையே என்று வருந்தவேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

இனி, எண்ணிக்கை யாருக்குரியது என்ற கேள்வி எஞ்சுகின்றது. இதற்கு ஆசிரியர் உலகிலிருந்து ஓர் உதாரணம் கிடைக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்தில் 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பளமும் காப்புறுதிச் செலவும் முதன்மையான காரணங்கள். அவற்றோடு இன்னுமொரு குறையும் சேர்ந்திருந்தது. தம் உடலசைவுகளைக் கைத்தொலைபேசி வழியாகக் காப்புறுதித் திட்டத்துக்கு அறிவித்துப் புள்ளிகள் பெறவேண்டும். மறுப்போர் மாதந்தோறும் 25 டொலர் கூடுதலாகச் செலுத்தவேண்டும் என்ற ஏற்பாடே அது. எதிர்ப்பு வலுத்தபின் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளைக் கொண்ட ஆலோசனைக் குழு இதே பொருள்பற்றி 2017ஆம் ஆண்டிலேயே தன் கருத்தைத் தெரிவித்திருந்தது. தொழில் வழங்குவோர் இக்கருவிகளைப் பணியாளருக்கு அளித்தாலும், அவை திரட்டும் உடல்நலச் செய்திகள் பணியாளருக்கு மட்டுமே உரியனவாதல் வேண்டும் என்பதே அக்கருத்து.

இவ்வெச்சரிக்கை தாதியருக்கு மிகவும் பொருந்தும். ஒருவரின் உறக்கக் குறைவும் நாடியின் விரைவும் மேலதிகாரியின் மேசைக்குச் செல்லுமாயின், இவர் களைத்தவர், இவரைப் பதவியுயர்வுக்குக் கருதவேண்டாம் என்ற முடிவுக்கு அது வழிகோலலாம். அந்த அச்சம் தோன்றிய மறுநாளே கருவி வீட்டு மேசையின் இழுப்பறைக்குட் சென்றுவிடும்.

ஆனால் பெயர் குறியாது, ஒரு விடுதியின் தாதியர் அனைவரின் அடிகளையும் கூட்டிப் பார்ப்பது வேறு. அம்மொத்தத்தில் தனியொருவரின் குறை தெரியாது. கட்டடத்தின் குறை தெரியும். மருந்தறை ஒரு கோடியிலும் துணியறை மறு கோடியிலும் இருப்பது தெரியும். ஒரே படிவத்தை நிரப்புவதற்காகப் பத்து முறை நடந்தது தெரியும். நள்ளிரவுக்குப் பின் எவரும் கால்மணி நேரமேனும் அமரவில்லை என்பதும் தெரியும். அவ்வாறு தெரிந்தபின் அலுமாரியை நகர்த்துவதும், அமர்வதற்கு ஒரு நாற்காலி இடுவதும், தொடர்ந்துவரும் இராக்கடமைகளைக் குறைப்பதும் நிருவாகத்தின் கடன். ஹாலி வீதியில் நைற்றிங்கேல் அம்மையார் சுடுநீர்க் குழாயையும் தூக்கியையும் கேட்டது இம்முறையிலேயே. தாதியரை இன்னும் திறமையாகப் படியேறப் பழக்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

புளோயரின் கடிகாரம் நாடியை எண்ணியது, நோயாளி விரைவான நாடிக்காகக் கண்டிக்கப்படவேண்டும் என்பதற்காகவன்று. அவருக்கு ஓய்வும் மருந்தும் உரிய வேளையிற் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே. தாதியின் நாடியை எண்ணும் கருவிக்கும் அதுவே நியாயம். இரவு முழுதும் விழித்திருந்து விடியற்காலையிற் கடமை மாறும் தாதி, நோயாளரின் நாடிகளை ஏட்டில் எழுதி, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்கின்றார். எழுதப்பட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் யாரோ ஒருவர் பொறுப்பேற்று ஆவன செய்வர் என்ற நம்பிக்கையிலேயே அந்த ஏடு கைமாறுகின்றது. அத்தாதியைப் பற்றிய எண்களுக்கும் அத்தகைய பொறுப்பாளர் ஒருவர் வேண்டும்.